கோல்

தமிழில் கோல் என்றால் குச்சி.
இங்கே நான் குனிந்து காக்கும் வலைக்கும் அதே பெயர்.
எதால் தள்ளுகிறோமோ அதுவும் கோல்,
எதில் விழுகிறதோ அதுவும் கோல்.
மூன்றாவதாகத் துலாக்கோல் ஒன்று உண்டு.
அதை வைத்திருப்பவள் உத்பலா, எங்கள் கேப்டன்.
லேப்டாப்பில்.

எனக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்.
ஏழு, பிலோமினா.
பன்னிரண்டு, திஸ்கித்.
ஆட்டம் நடக்கும்போது சொந்த அணியின் முகம்
கோல்கீப்பருக்கு வாய்ப்பதில்லை.

சனிக்கிழமை மால் மூடி,
கடைசிப் பாப்கார்னையும் கூட்டித் தள்ளியபின்
பத்தே முக்காலுக்கு எங்களுக்குப் பனி கிடைக்கும்.
வெளியே மாரத்தஹள்ளிப் பாலம் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும்.
மூன்றாம் மாடியில், மூடிய செருப்புக்கடைக்கு எதிரே
கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடம் அளவுக்கு
உறைந்த தண்ணீர்.

பிலோமினா கோலார் தங்கவயல்காரி.
வாரம் முழுக்க ரயிலில் வந்து போகிறவள்
சனியன்று மட்டும் வேண்டுமென்றே
கடைசி ரயிலை விட்டுவிடுவாள்.
ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
அவள்மேல் மோதியவர்கள்
இருட்டில் பீரோவில் இடித்துக்கொண்டவர்கள்போல
முழங்கையைத் தேய்த்துக்கொண்டு போவார்கள்.
ஆனால் பக் அவள் குச்சிக்கு வந்தால் போச்சு.
சுடுசட்டியைத் துணியில்லாமல் தொட்டவள் மாதிரி
எங்கோ எறிவாள். பெரும்பாலும் எதிராளிக்கு.

திஸ்கித் நுப்ராக்காரி, நர்சிங் படிக்கிறாள்.
என் தோளுக்கு வரமாட்டாள்.
பக்கை அவள் பார்த்து நான் பார்த்ததில்லை.
பார்ப்பதெல்லாம் அது போகவேண்டிய இடத்தை,
இரண்டு பேர் தள்ளி, மூன்று நொடி தள்ளி.
யாராவது தோளால் இடித்தால்
ஓரப்பலகை வரைக்கும் போய்த்தான் நிற்பாள்.

ஜூன் மாதம் உத்பலா கணக்குப் போட்டாள்.
கனத்தோடு கனம்: பிலோமினாவும் குர்லீனும்.
யாரும் உள்ளே வரவில்லை. பக்கும் வெளியே போகவில்லை.
நாற்பது நிமிடம் என் முன்னால்
இரண்டு பீரோக்கள், நடுவில் ஒரு சந்து.
(பெரிய முதுகு கதவு என்பார்கள்.
அதுவே திரையும்கூட என்பதைப்
பின்னால் குந்தியிருப்பவளிடம் கேட்க வேண்டும்.)
அடுத்த வாரம் லகுவோடு லகு.
பக் பறந்தது. பார்க்க அழகு.
ஆறு கோல் வாங்கினேன்.

மறுபடி ஏழும் பன்னிரண்டும்.
உத்பலா விளக்கம் சொல்லவில்லை,
லேப்டாப்பை மூடினாள்.

டெல்லி அணியோடு ஆட்டம். இரண்டுக்கு இரண்டு.
மிச்சம் மூன்று நிமிடம்.
திஸ்கித் விழுந்துகிடக்கிறாள்,
பக் பிலோமினாவிடம்.
எறிவாள் என்று கண்ணை மூடப்போனேன்.
எறியவில்லை.
மெஜஸ்டிக்கிலிருந்து பேருந்து கிளம்புகிற மாதிரி
மெதுவாக, யாருக்கும் வழிவிடாமல்,
குச்சி நுனியில் அதை வைத்துக்கொண்டு போனாள்.
போய்க்கொண்டே இருந்தாள்.

அவள் விட்டுப்போன இடத்தில்
எழுந்து வந்து நின்றது பன்னிரண்டு.
அந்தக் குட்டி ஹெல்மெட்டுக்கு மேலாக
முதல்முறையாகப் பனி முழுசாகத் தெரிந்தது எனக்கு:
விளக்குகள், நீலக்கோடு, அங்கே
பிலோமினா பக்கைத் தொலைத்தது,
இரண்டு பேர் எங்களை நோக்கித் திரும்பியது.

திஸ்கித் நகரவில்லை.
முதல் ஆள் தோளால் இடித்தபோதும்.
அடித்த பக் அவள் கணுக்காலில் பட்டு
இடப்பக்கம் திரும்பியது.
நான் வலப்பக்கம் விழுந்திருந்தேன்.

"இது யார் தப்புன்னு எழுதறது?"
உடைமாற்றும் அறையில் உத்பலா கேட்டாள்.
பிலோமினா தரையில் உட்கார்ந்து
ஸ்கேட் சுரண்டிய பனித்தூளை ஒரு சாக்ஸில் நிரப்பி
அந்தக் கணுக்காலில் கட்டிக்கொண்டிருந்தாள்.
"எறியாம வெச்சிருந்தேன், பாத்தியா?"
"எங்கே பாக்கறது? நான் நின்னுட்டிருந்தேன்,"
என்றாள் திஸ்கித், ஹாஸ்டலில் கற்ற தமிழில்.

சாக்ஸ் சொட்டத் தொடங்கியது.
முதல் ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.